பாதித் தொட்டி

"தொட்டி நிறைய இருந்துச்சா?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. விபத்து ஆய்வாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவருக்கு முன்னால் மேசையை மறைத்துக்கொண்டு ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றுக்குப் பறந்துவிடாமல் அதன் மூலைகளில் ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில், அளவு நாடா, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தூக்கி வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் பென்சில் கரி.

எதிரே லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். இடது தோள் எலும்பு முறிந்து, கை தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் அந்தத் தூளியை ஒருமுறை சரிசெய்துகொண்டார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

"நிறைய இருந்துச்சு மேடம். பத்தாயிரம் லிட்டர். நிரப்பின சீட்டுலயே இருக்கே."

"நடுவுல எங்கயும் இறக்கலையே?"

"இல்ல மேடம்."

பென்சில் எழுதியது. லாரி ஏழு டன், தண்ணீர் பத்து டன், ஆக மொத்தம் பதினேழு. அந்தப் பதினேழைச் சுற்றி ஆய்வாளர் ஒரு வட்டம் போட்டார்.

இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் அவர். லாரி நிறுத்துமிடத்தில் எல்லோரும் அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப்பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருந்தது. நிதானத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மதியச் சாப்பாடு சாயங்காலம்தான் என்று இளவட்டங்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அத்தனை வருடத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் எல்லாம் மாறிப்போனது.

அன்று காலை பத்து மணிக்குத் தண்ணீர் நிலையத்தில் தொட்டியை நிரப்பினார். பட்டியலில் முதல் பெயர் நாற்சந்திக்கு அந்தப் பக்கம் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆனால் அவர் நேராக அங்கே போகவில்லை. முந்தின நாள்தான் அவருடைய தங்கை புது வீட்டுக்குக் கூரைத் தளம் போட்டிருந்தாள். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் தளம் வெடித்துவிடும். வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய்விட்டது. "அண்ணே, ஒரே ஒரு தடவை" என்று காலையிலிருந்து நாலு முறை போன் செய்துவிட்டாள். தண்ணீர் நிலையத்தில் சீட்டுப் போடுகிறவரே தங்கையின் கணவர்தான். அவரும் கண்ணைக் காட்டினார். நிதானம் வண்டியைத் திருப்பி, தங்கை வீட்டில் கொத்தனார்கள் வைத்திருந்த ஐயாயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பட்டியலில் இல்லாத இடத்தில் ஒரு வாளி இறக்கினாலும் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

பாதித் தொட்டியோடு ஓட்டுவது எப்படிப்பட்ட தொல்லை என்பதும் தெரியும். நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைய இடம் இருக்காது. கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். காலித் தொட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பாதித் தொட்டியில்தான் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

நாற்சந்தியில் மின்சாரம் இல்லை. சிக்னல் விளக்குகள் செத்துக் கிடந்தன. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் போனார். இடது பக்கத் தெருவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. பிரேக்கை மிதித்தார். லாரி சொன்ன பேச்சைக் கேட்டது. வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. நின்றுவிடும் என்று மனம் ஆறப்போன நேரத்தில் முதுகுக்குப் பின்னால் 'தடார்' என்று தொட்டியின் முன்சுவரில் தண்ணீர் வந்து விழுந்தது. யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் லாரி முன்னால் போனது. காரின் முகப்பு லாரியின் முன்மூலையில் செருகிக்கொண்டது. இரண்டும் ஒட்டியபடியே இழுபட்டுப்போய் நின்றன.

தொட்டியின் பின்குழாய் உடைந்து தண்ணீர் முழுவதும் தெருவில் ஓடியது. நல்ல வெயில். ஒரு மணி நேரத்தில் தெரு காய்ந்துவிட்டது. எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று சொல்ல அப்புறம் சீட்டு ஒன்றுதான் மிச்சம்.

"ஒரே ஒரு விஷயம் இடிக்குது" என்றார் ஆய்வாளர், பென்சில் நுனியை வரைபடத்தில் வைத்து. "மோதுறதுக்கு முன்னாடி உங்க டயர் தடம் இது. ஆரம்பத்துல அழுத்தமா இருக்கு. இங்க ரெண்டு மீட்டர் மங்கிப்போகுது. அப்புறம் திரும்ப அழுத்தமா வருது. ஏன்?"

நிதானம் அந்த மங்கலான கோட்டைப் பார்த்தார். அவருக்கு ஏன் என்று தெரியும்.

"பயத்துல காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சிருப்பேன் மேடம்."

"இருபத்திரண்டு வருஷ டிரைவரா?"

"கார் மேல வர்றப்போ வருஷமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

ஆய்வாளர் அந்தத் தடத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

"சரி, கணக்கைச் சொல்லிடறேன். நீங்க தெரிஞ்சுக்கணும். எடையை வேகத்தால பெருக்கினா வர்றதுக்கு உந்தம்னு பேரு. மோதுறதுக்கு முன்னாடி ரெண்டு வண்டிக்கும் சேர்த்து எவ்வளவு உந்தம் இருந்துச்சோ, மோதின பிறகும் அவ்வளவேதான் இருக்கும். எந்தத் திசையில எவ்வளவுங்கிறதும் மாறாது. நீங்க நேரா வந்தீங்க, கார் பக்கவாட்டுல வந்துச்சு. மோதினப்புறம் ரெண்டும் ஒண்ணா நாலரை மீட்டர் இழுபட்டிருக்கு. அதுல எண்பது சென்டிமீட்டர் பக்கவாட்டுல நகர்ந்திருக்கு. அந்தப் பக்கவாட்டு நகர்வு முழுக்க கார் கொடுத்தது. பதினேழு டன் லாரியை ஒரு சின்ன கார் அவ்வளவு தூரம் ஒதுக்கித் தள்ளணும்னா, அது என்ன வேகத்துல வந்திருக்கணும்?"

ஆய்வாளர் வரைபட ஓரத்தில் எழுதியிருந்த விடையைத் தொட்டுக் காட்டினார்.

"மணிக்கு அறுபத்துநாலு கிலோமீட்டர். அந்தத் தெருவுல ஐம்பதைத் தாண்டக் கூடாது. நீங்க இருபத்தெட்டுலதான் இருந்திருக்கீங்க. தப்பு கார் ஓட்டினவர் பக்கம்னு அறிக்கை போகும். வியாழக்கிழமை விசாரணை. அன்னைக்கு இந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டா உங்க வேலை முடிஞ்சது."

நிதானத்துக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது: லாரி பதினேழு டன் இல்லை, பன்னிரண்டுதான் என்றால் கார் வேகம் எவ்வளவு வரும்? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று முழுங்கிவிட்டு எழுந்தார்.

வெளியே நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் லாரி நிறுவனத்தின் மேற்பார்வையாளர் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நிதானத்தின் முறியாத தோளில் தட்டினார்.

"சொன்னேன்ல, நம்ம நிதானத்து மேல தப்பு இருக்காதுன்னு. வீட்டுக்குப் போய்ப் படுங்க. கை சரியானதும் புது வண்டி தர்றேன்."

*

வீடு மூன்றாம் மாடியில் இரண்டே அறை. மனைவி துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டாள். ஆனாலும் உடனே கேட்கவில்லை; ஒரு தலையணை உறையை உதறி, மடித்து வைத்தபிறகுதான் கேட்டாள்.

"என்னவாம்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தங்கை வீட்டுத் தொட்டியைப் பற்றி அவளிடம் அதுவரை மூச்சுவிட்டிருக்கவில்லை. கேட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கார்க்காரர் எப்படி இருக்கார்?"

"டிராயிங் வாத்தியாராம். நினைவு திரும்பிடுச்சு. இடுப்புல ரெண்டு ஆபரேஷன். ஆனா அன்னைக்குக் காலையில நடந்தது எதுவும் ஞாபகம் இல்லையாம்."

"அப்போ அவர் வேகமா வரலைன்னு சொல்றதுக்கு அவராலகூட முடியாது."

"முடியாது."

மனைவி அடுத்த துணியை எடுத்து மடித்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் அவள் கணவரும் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். தங்கை வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கணவர் மட்டும் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்தார்.

"தண்ணி ஆவியாப் போச்சு மச்சான். இனி யார் வந்து அளக்கப் போறா? சீட்டுல பத்தாயிரம். கணக்குல பத்தாயிரம். நீங்க பேசாம இருந்தா எல்லாம் காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"அந்த மனுஷன் மேல பழி விழுதே மாப்பிள்ளை."

"பழிதானே, ஜெயிலா? உங்களுக்கு வேலை போகும், எனக்கும் போகும். பாதியில நிக்கிற வீட்டை வெச்சுக்கிட்டு உங்க தங்கச்சி என்ன பண்ணுவா?"

தங்கை அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நான் கூப்பிட்டுத்தானே நீ வந்தே. நீ வாயைத் திறந்தா ஊர் முழுக்க என்னைத்தான் சொல்லும். அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் மனைவி. "வண்டியை ஓட்டினது அவர்."

தங்கையின் கையை விடுவித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

திங்கள் முழுக்க அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. கார் உண்மையிலேயே வேகமாக வந்திருந்தால் என்ன என்றும் அதே மனம் கேட்டது. ஆனால் அந்தக் கார் வந்ததைப் பார்த்தவர் அவர். அது வேகமாக வரவில்லை.

*

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். கோட்டுப் பையில் ஒரு மருந்துக்கடையின் பெயர் தைத்திருந்தது. மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"லாரி ஓட்டினவர் வீடு இதுதானா? நான் அந்த வாத்தியாரோட மனைவி."

நிதானம் எழுந்து நின்றார். அந்தப் பெண் உள்ளே வந்து, காட்டிய நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடிபட்ட கை எப்படி இருக்கு?"

"பரவாயில்லைம்மா."

"ஆய்வாளர் அம்மா நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாங்க. இவர் அறுபத்துநாலுல வந்தாராம். உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அவரால இப்போ எழுந்து வர முடியாது. வர முடிஞ்சா அவரே வந்திருப்பார்."

அந்தப் பெண் தொடர்ந்து பேசினாள். பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் போல வேகமாகப் பேசினாள்.

"இவர் வேகமா ஓட்டுற ஆளே இல்ல. நான்தான் நத்தை மாதிரி ஓட்டுறீங்கன்னு கத்துவேன். அன்னைக்குக் காலையிலயும் சண்டை. லேட்டாகுது லேட்டாகுதுன்னு நான் பிடுங்கி எடுத்துட்டேன். கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனார். அந்தக் கோபத்துலதான் மிதிச்சிருக்கார். வேற என்ன காரணம் இருக்க முடியும்? அவருக்கு எதுவும் ஞாபகம் இல்ல. கணக்கே சொல்லுதுன்னா நான் வேகமாத்தான் வந்திருப்பேன்னு அவரே சொல்றார். சண்டை போட்டது அவருக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. அதை நான் இன்னும் அவர்கிட்ட சொல்லல."

நாற்காலியின் முதுகை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கிக் குடித்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். வந்ததிலிருந்து போகும்வரை நிதானம் சொன்னது "பரவாயில்லைம்மா" ஒன்றுதான்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

"நாளைக்கு எதுக்கு? மணி ரெண்டரைதான் ஆகுது. இந்தாங்க சட்டை."

ஒரு கையைத் தூளியில் வைத்துக்கொண்டு அவரால் சட்டை போட முடியாது. மனைவிதான் போட்டுவிட்டு, பொத்தானை மாட்டிவிட்டாள். அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறோம் என்று அவளும் யோசிக்காமல் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்று தங்கைக்குப் போன் செய்தார். அவளுக்குத் தெரியாமல் செய்வது முறையில்லை என்று பட்டது.

"நான் சொல்லப் போறேன்மா. மாப்பிள்ளை பேரை நானா இழுக்க மாட்டேன். ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் கொத்தனார்களின் சத்தம் கேட்டது.

"இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதே" என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள்.

*

ஆய்வாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. நிதானம் உள்ளே எட்டிப் பார்த்தார். மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கிப் போக வந்திருப்பார் போலிருக்கிறது.

"என்ன நிதானம், ஓய்வா இருக்கச் சொன்னேனே. இங்க என்ன?"

திரும்பிப் போய்விட்டு அரை மணி நேரம் கழித்து வரலாம். அப்படிப் போனால் வரமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஆய்வாளரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"மேடம், தொட்டி நிறைய இல்ல. பாதிதான் இருந்துச்சு. ஐயாயிரம் லிட்டரை வழியில இறக்கிட்டேன்."

முதலில் வாயைத் திறந்தது மேற்பார்வையாளர்தான்.

"மேடம், இவர் மாத்திரை சாப்பிடுறார். தலையில அடி. என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசுறார்."

"தலையிலயா? தோள்லன்னுதானே டாக்டர் எழுதியிருக்கார்?" என்றார் ஆய்வாளர். பிறகு நிதானத்தைப் பார்த்து, "உள்ள வந்து உட்காருங்க. எங்க இறக்கினீங்க?"

"என் தங்கச்சி வீட்டுல. கூரைத் தளத்துக்கு."

"ஐயாயிரம்னு எப்படித் தெரியும்? குத்துமதிப்பா?"

"கொத்தனார் வெச்சிருந்த தொட்டி ஐயாயிரம் பிடிக்கும். காலியா இருந்துச்சு. விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். நீங்க போய்ப் பார்த்துக்கலாம். கொத்தனாருங்க அங்கதான் இருக்காங்க."

மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரியுதா? இந்த நிமிஷத்துல இருந்து உங்களுக்கு எங்ககிட்ட வேலை இல்ல."

"புரியுது சார்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். நடையில் அவர் யாருக்கோ போன் செய்வது கேட்டது. ஆய்வாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை மறுபடி விரித்தார். இந்த முறை மூலைகளில் எதையும் வைக்கவில்லை. ஒரு மூலை சுருண்டு சுருண்டு எழும்பியது. நிதானம் தன் வலது கையை நீட்டி அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பென்சில் ஓடியது. பதினேழை அடித்துவிட்டுப் பன்னிரண்டு. காரோடு சேர்த்துப் பதின்மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அதே நாலரை மீட்டர். அதே எண்பது சென்டிமீட்டர். ஆய்வாளர் ஒருமுறை போட்டார், ஓரத்தில் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். அந்த இரண்டு நிமிடமும் நிதானத்துக்குப் ஆபரேஷன் அறை வாசலில் காத்திருப்பதுபோல் இருந்தது.

"நாற்பத்தேழு" என்றார் ஆய்வாளர்.

நிதானம் கண்ணை மூடித் திறந்தார்.

"உங்க வேகம் பெருசா மாறல. இருபத்தொன்பது. ஆனா அவர் வேகம் அறுபத்துநாலுல இருந்து நாற்பத்தேழுக்கு இறங்கிடுச்சு. லாரி லேசா இருந்திருக்கு. அதை நகர்த்த அந்தக் காருக்கு அவ்வளவு வேகம் தேவைப்படல. அவர் ஒழுங்காத்தான் வந்திருக்கார்." பென்சிலைக் கீழே வைத்தார். "இப்போ அந்த மங்கின தடத்தைச் சொல்லுங்க. காலை எடுத்தீங்களா?"

"எடுக்கல மேடம். மிதிச்சது மிதிச்சபடிதான் இருந்தேன். வேகம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அப்போ பின்னால இருந்து தண்ணி வந்து மோதி வண்டியை முன்னால தள்ளிடுச்சு."

"லாரியைத்தான் பிரேக் பிடிச்சுச்சு. உள்ள இருந்த தண்ணியை யார் பிடிச்சா? அது பழைய வேகத்துலயே வந்து முன்சுவர்ல இறங்கியிருக்கு." ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. அதுவே நிதானத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணு இல்ல, ரெண்டு பொய் சொல்லியிருக்கீங்க. நேத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய், இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிற மனுஷன்கிட்ட, தப்பு உங்க மேலன்னு சொல்லிட்டு வந்தேன். அவர் என்கிட்ட சாரி சொன்னார். தெரியுமா?"

"தெரியும் மேடம். அவர் மனைவி எங்க வீட்டுக்கு வந்தாங்க."

ஆய்வாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் போனை எடுத்து எண்களை அழுத்தினார். மறுமுனையில் எடுத்ததும், தான் யார் என்று சொல்லிவிட்டு, "உங்க கணவர் நாற்பத்தேழுலதான் வந்திருக்கார். நான் போட்ட கணக்குல ஒரு எண் தப்பு. ஆமா, நாற்பத்தேழு. இல்ல, வேகமா வரல. நிச்சயமா" என்றார். அப்புறம் போனைக் காதோடு வைத்து மறுமுனையைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபக்கம் என்ன கேட்டது என்று நிதானத்துக்குத் தெரியவில்லை. அவர் வரைபடத்தின் மூலையை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

*

விசாரணை மூன்று வாரம் தள்ளிப்போனது. இடையில் ஆய்வாளர் அந்தத் தொட்டியை அறுத்துத் திறக்கச் சொன்னார். தண்ணீர் முன்னும் பின்னும் ஓடாமல் தடுக்க உள்ளே குறுக்காக இரண்டு தகடுகள் இருக்கவேண்டும். இரண்டும் துருப்பிடித்து, கழன்று, அடியில் விழுந்து கிடந்தன. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்தனவோ, ஒருவரும் பார்த்ததில்லை. தீர்ப்பில் நிறுவனத்தின் மேல் ஒரு பங்கு விழுந்தது. வாத்தியாரின் மருத்துவச் செலவு முழுவதும் அவர்கள் தலையில் வந்தது. நிதானத்தின் உரிமத்தை ஒரு வருடத்துக்கு முடக்கினார்கள். பொய் வாக்குமூலத்துக்காகத் தனியாக ஒரு கண்டிப்பும் கிடைத்தது. போன வேலை திரும்ப வரவில்லை. தங்கையின் கணவருக்கும் சீட்டுப் போடும் வேலை போய், அவர் ஒரு சிமெண்ட் கடையில் சேர்ந்துவிட்டார். தங்கை இன்னும் போன் எடுக்கவில்லை. அண்ணியிடம் மட்டும் எப்போதாவது இரண்டு வார்த்தை பேசினாள்.

தீர்ப்பு சொன்ன அன்று நடையில் வாத்தியாரை அவர் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தார். ஒல்லியான மனிதர். இரண்டு கைக்கும் ஊன்றுகோல். பக்கத்தில் மனைவி, அதே வெள்ளைக் கோட்டு. நிதானம் ஒதுங்கிப் போகத்தான் பார்த்தார். வாத்தியார் ஊன்றுகோலை ஊன்றி அவர் வழியில் வந்து நின்றுவிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நடந்ததைப் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான். நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"என்ன சார்?"

"போன் பேசிட்டு இருந்தேனா? வேற எங்கயாவது பார்த்துட்டு இருந்தேனா? இவ தினமும் கேக்கறா. எனக்குத் தெரியல."

அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிதானம் அவசரப்படாமல் யோசித்தார். ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிடக் கூடாது, உள்ளதை மட்டும்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தார்.

"போன் இல்ல சார். ரெண்டு கையும் ஸ்டீரிங்ல இருந்துச்சு. என்னை நேரா பார்த்தீங்க. பார்த்ததும் வண்டியை ஒடிச்சுத் திருப்பப் பார்த்தீங்க. நேரம் இல்ல. மனசுல என்ன இருந்துச்சோ அது எனக்குத் தெரியாது. ஆனா கவனமாத்தான் வந்தீங்க."

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்காமல் கை முழுவதையும் உள்ளே விட்டுத் துழாவினாள்.

"எனக்கு உங்க மேல கோபம் இருக்கு" என்றார் வாத்தியார். "அது போறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"இருக்கட்டும் சார்."

"ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போகல நீங்க. அதையும் சொல்லணும்ல."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே இறங்க இருபத்தாறு படிகள். வாத்தியாரின் மனைவி ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, நிதானம் இரண்டு படி முன்னால் இறங்கினார். தடுமாறினால் தாங்கிக்கொள்ள வசதியாக, முகத்தை மேலே திருப்பி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கம் காலை வைத்து இறங்கினார். கடைசிப் படியில் வாத்தியார் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இனி நான் பார்த்துக்கறேன்" என்றார்.